மறுபார்வைக்கு முந்தின நாள்

ஹிதார் 3, 2008 (எத்தியோப்பிய நாட்காட்டி)

இடது கண்ணில் இன்று மூன்று முடி. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஊசி போடும் அறையைத் தாழிட்டுக்கொண்டு, சுவர்க் கண்ணாடி முன் நின்று நானே பிடுங்கப் பார்த்தேன். இரண்டு வந்தது. மூன்றாவதற்குப் பதில் இமையைக் கிள்ளிவிட்டேன். கண்ணாடியில் கை எந்தப் பக்கம் போகிறதென்றே புரிவதில்லை. ஊரார் இமையை எல்லாம் அறுத்துத் தைக்கிற கைக்கு, சொந்த இமையில் ஒரு முடியைப் பிடிக்க வக்கில்லை.

பன்னிரண்டு வருடமாக இந்த வட்டாரத்துக்கு இமை அறுவை செய்கிற ஒரே நர்ஸ் நான். சின்ன வயதில் கண்ணில் சீழ் வைத்து வைத்து, வயது ஏறியதும் இமை உள்பக்கம் சுருண்டு, முடி விழியைக் கீறிக் கீறி, கடைசியில் விழியில் பூ விழுந்து பார்வை போவது. இங்கே பாதிப் பெண்களுக்கு இதுதான் கதை. எனக்கு மட்டும் வராது என்று எந்த தைரியத்தில் இருந்தேன்? நானும் இதே புகையில், இதே ஈக்கூட்டத்தில் வளர்ந்தவள்தானே.

"பிடுங்காதீங்க, பிடுங்கினா மொட்டையா முளைச்சு இன்னும் மோசமா குத்தும், ஆபரேஷனுக்கு வாங்க" என்று சந்தையில் மைக் பிடித்துக் கத்துகிறவளும் நான்தான்.

ஹிதார் 5

தெசாலே கேட்டார், "என்ன, ஓயாம கண்ணைச் சிமிட்டுற?" தூசி என்றேன். விவசாய அலுவலகத்தில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரரிடம் ஒன்றைச் சொன்னால், மறுநாள் எல்லா உழவர்களுக்கும் விதையோடு சேர்த்து அதையும் விநியோகம் பண்ணிவிடுவார்.

யோசித்துப் பார்த்தேன். பஹிர் தார் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அதற்கு எங்கள் சுகாதார நிலையத் தலைவரின் கடிதம் வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால், "கண் சரியில்லாத நீங்க எப்படி சிஸ்டர் இத்தனை நாள் தெச்சீங்க?" என்பார். நியாயம்தான்.

இன்னொரு வழி, பக்கத்து வட்டாரத்து யிஹூன். நாற்பது கிலோமீட்டர். ஆனால் போன வருடம் அவன் செய்த ஆபரேஷன்களைச் சோதிக்க மண்டலத்திலிருந்து என்னைத்தான் அனுப்பினார்கள். முப்பது பேரைப் பார்த்தேன். பதினோரு பேருக்கு முடி திரும்ப முளைத்திருந்தது. அப்படியே எழுதினேன். அவனை வேலையிலிருந்து நிறுத்தி, மூன்று மாதம் ரப்பர் தலையில் ரப்பர் இமையைத் தைக்க வைத்தார்கள். அதன்பிறகு என்னைப் பார்த்தால் அவனுக்குக் கழுத்து வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. அவன் கத்திக்குக் கீழே போய் நான் படுப்பதா?

ஹிதார் 12

ஊரே குப்பை கொளுத்துகிற நாள். காலையிலிருந்து தெருவெல்லாம் புகை. எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நாள் முழுக்க நிம்மதியாக அழுதுகொண்டிருந்தேன்.

ஹிதார் 19

எழுதவே கூசுகிறது. தங்குத் வீட்டுக்குப் போனேன்.

தங்குத் என் வயதுக்காரி. கோயில் பாதையில் வீட்டிலேயே பார்லிக் கள் காய்ச்சுகிறவள். காலை வெயிலில் பெண்கள் அவள் மடியில் தலை வைத்துப் படுப்பார்கள். கழுத்துக் கயிற்றில் சிலுவைக்குப் பக்கத்தில் தொங்குகிற சாமணத்தை எடுத்து, ஒவ்வொரு முடியாகப் பிடுங்கிவிடுவாள். கூலி கிடையாது. காப்பிக்கு இருந்து வம்பு பேசிவிட்டுப் போனால் போதும். 'இவளால்தான் பெண்கள் ஆபரேஷனுக்கு வருவதில்லை' என்று நானே ஒரு அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

"வா வா, யாரு கண்ணு? அட, நம்ம மைக்கம்மா கண்ணா!"

"சத்தம் போடாதே."

"சந்தையில நீ போடுற சத்தத்தை விடவா? படு."

படுத்தேன். ஐந்து முடி. அவள் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. எழுந்தபோது கண்ணில் எதுவும் குத்தவில்லை. குத்தாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதே தங்குத்."

"சொன்னா மட்டும் எவ நம்புவா? போடி."

பதிலுக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹிதார் 28

வாரத்துக்கு ஒரு முறை. சந்து வழியாக, முக்காடு போட்டுக்கொண்டு, குடிகாரன் மாதிரி.

தாஹ்சாஸ் 2

சந்தையில் அறிவிப்பு. கூட்டத்தில் தங்குத் முன் வரிசை. கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துச் சிரிக்கிறாள். "பிடுங்காதீங்க" என்கிற இடம் வந்ததும் அதை விட்டுவிட்டு, "முகத்தைச் சுத்தமா கழுவுங்க" என்று முடித்துக்கொண்டேன்.

தாஹ்சாஸ் 8

என்ன செய்வேன்? என்ன செய்வேன் நான்?

நடந்ததை எழுதுகிறேன். தங்குத்தின் மடியில் படுத்திருந்தேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சட்டென்று எழுந்து உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஓடினேன். கள் பானைகளுக்கு நடுவே குந்திக்கொண்டேன். குரல் தெரிந்த குரல். யித்தாயிஷ். ஆறு மாதத்துக்கு முன் இரண்டு இமையும் நான் தைத்தவள். நாளைக்கு அவளுக்கு மறுபார்வை, முடி திரும்ப முளைத்திருக்கிறதா என்று நான் சோதிக்கிற நாள்.

"சீக்கிரம் எடுத்துவிடு தங்குத். வலதுல நாலஞ்சு இருக்கும் போல."

"போன மாசம்தானே எடுத்தேன்?"

"மறுபடி வந்திருச்சு. நாளைக்கு எங்க சிஸ்டர் டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. ஒண்ணு இருந்தாக்கூட அவங்க முகம் வாடிப்போயிடும். எவ்வளவு பாசமா தெச்சாங்க தெரியுமா? என் கையைப் பிடிச்சுக்கிட்டே பேசினாங்க. அவங்களைப் போய் நாம சங்கடப்படுத்தலாமா?"

"அது சரி. நீ ஒருத்தியா இதுக்குன்னு வர்ற?"

திரை என் மூக்கில் உரசிக்கொண்டிருந்தது. இருமல் வந்தது, விழுங்கினேன். வெளியே போய், "அடிப்பாவி, பிடுங்காதே, எனக்குக் காட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவள் கேட்பாள். குந்தியே இருந்தேன். அவள் வழக்கப்படி காப்பி மூன்று கோப்பையும் குடித்து முடித்துப் போகிறவரை. கால் மரத்துப்போனது.

அவள் போனதும் தங்குத் திரையை விலக்கினாள். முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை.

"உன் ஆளுங்க இப்படி எத்தனை பேர் வர்றாங்க?" என்று கேட்டேன்.

"எண்ணி வெக்கல. உன் மறுபார்வைக்கு முந்தின நாள்னா எனக்கு நிக்க நேரமிருக்காது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீயே என்கிட்ட வர ஆரம்பிச்ச. உனக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

தாஹ்சாஸ் 9

யித்தாயிஷ் வந்தாள். புது வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, தலைக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு, விசேஷத்துக்குப் போகிறவள் மாதிரி. வலது இமையைத் திருப்பி டார்ச் அடித்தேன். முடி இல்லை. முடி இருந்த இடத்தில் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள். எப்படி இத்தனை வருடம் இது என் கண்ணில் படவில்லை? படவே இல்லையா, அல்லது நான் பார்க்க விரும்பவில்லையா?

"நல்லா இருக்கா சிஸ்டர்?"

"நல்லா இருக்கு."

படிவத்தில் 'திரும்ப முளைத்தவை' என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். அவள் என் கையை எடுத்து முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

தாஹ்சாஸ் 14

யிஹூனின் பதினோரு பேரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். என் கை அவன் கையைவிட நல்ல கை என்று பன்னிரண்டு வருடமாக நான் நம்பியதற்கு ஆதாரம் என்ன? என் பூஜ்யங்கள்தான். அந்தப் பூஜ்யங்களைப் போட்டது நான் இல்லை, தங்குத்தின் சாமணம்.

சொல்லிவிடலாம். சொன்னால் என்னை நிறுத்துவார்கள். நிறுத்தினால் இந்த வட்டாரத்துக்கு ஆளே கிடையாது. இப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது.

திர் 7

மண்டலக் கூட்டம். இந்த வருடத்துச் சிறந்த கை என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தோளில் கனமான நெய்த போர்வை ஒன்றைப் போர்த்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் யிஹூனும் தட்டினான். மெதுவாக, ஒழுங்காக, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு தட்டினான். அந்தப் போர்வைக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

திரும்பி வரும்போது பேருந்தில் தெசாலே, "பெருமையா இருக்கு ஜெமா" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திர் 24

வெயிலில் நிற்க முடியவில்லை. டார்ச்சை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். கருவிழியின் கீழ் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு.

பூ விழுந்துவிட்டது.

யெகாதித் 9

அறுவடை முடிந்ததால் முகாமுக்கு நல்ல கூட்டம். மரியம் மாதா கோயிலுக்குப் பின்னால் பள்ளிக்கூட அறை. பன்னிரண்டு பேர். மூன்றாவது ஆள் நடுத்தர வயதுப் பெண், நாலு மணி நேரம் நடந்து வந்தவள். ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை. இருக்கிற ஒரு கண்ணுக்குத்தான் ஆபரேஷன்.

மரப்பு ஊசி போட்டு, இமையை இடுக்கியில் பிடித்து, அறுத்தேன். அதுவரை சரி. பட்டு நூலைக் கோக்கும்போது நூல் இரண்டாகத் தெரிந்தது. கண்ணைச் சிமிட்டினால் குத்துகிறது. சிமிட்டாவிட்டால் தண்ணீர் நிறைகிறது. ஒரு தையலை ஆழம் தெரியாமல் போட்டுப் பிரித்து மறுபடி போட்டேன். முகமூடிக்கு மேலே என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு கிளம்பி, அவள் கன்னத்தில் விழுந்தது. தொடர்ந்து இன்னொன்று.

முகத்தை மூடியிருந்த துணிக்குள்ளிருந்து அவள் சொன்னாள்: "அழாதீங்க சிஸ்டர். எனக்கு வலிக்கவே இல்ல."

எப்படியோ முடித்தேன். எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. வெளியே போய், "நூல் தீந்துபோச்சு, மத்தவங்க போயிட்டு அடுத்த மாசம் வாங்க" என்றேன். ஒன்பது பேர். ஒருத்தரும் சண்டை போடவில்லை. "பாவம், சிஸ்டர் களைச்சிருக்காங்க" என்று பேசிக்கொண்டே போனார்கள். திட்டித் தொலைத்திருக்கலாம்.

பெட்டியில் நாற்பது நூல் இருந்தது.

யெகாதித் 10

யிஹூனுக்கு போன் செய்தேன். "யாரு?" என்றான். பெயரைச் சொன்னேன். என் கண்ணைப் பார்க்க வேண்டும் என்றேன். அப்புறம், "மூணு நாள் கழிச்சு வாங்க" என்றான்.

யெகாதித் 13

தெசாலேயிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அதான் தலையணை ஈரமா? உனக்கு என்னைப் பிடிக்காம அழறியோன்னு நெனச்சேன்" என்றார். அடப்பாவி மனுஷா, அதைக் கேட்டிருக்கக் கூடாதா?

யிஹூன் என்னை உட்காரவைத்து டார்ச் அடித்தான். இமையைத் திருப்பினான்.

"பிடுங்கின தடம் தெரியுது. எத்தனை மாசமா?"

"மூணு."

"தங்குத்தா?"

அவளை அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திரை, யித்தாயிஷ், பூஜ்யம், ஒன்பது பேர், நூல், எல்லாமும். முடித்ததும், "அப்ப என் பதினொண்ணு?" என்று மட்டும் கேட்டான்.

"உன் ஆளுங்க பிடுங்கிட்டு வரல. அவ்வளவுதான் வித்தியாசம்."

சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "என்னை யாருக்கும் அவ்வளவு பிடிக்காது சிஸ்டர். நான் எல்லார்மேலயும் சுள்ளுனு விழுவேன். என் முகம் வாடினா அவளுகளுக்கு என்ன?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் அப்புறம். கையைக் கழுவிட்டு வர்றேன், படுங்க" என்றான்.

"உனக்கு என்மேல கோபமே இல்லையா?"

"நிறைய இருக்கு. உங்க புண்ணியத்துல முன்னூறு ரப்பர் இமை தெச்சேன். இப்ப ஆடாம படுங்க."

யெகாதித் 14

ஒரு கண்ணோடு எழுதுகிறேன். கோடு ஏறி இறங்குகிறது.

ஊசி எறும்புக் கடி மாதிரிதான் இருக்கும் என்று இரண்டாயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். பொய். கொள்ளிக்கட்டை. ஒவ்வொரு படியும் எனக்குத் தெரியும் என்பதால் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே பயந்தேன். இடுக்கி மாட்டுகிறான், இப்போது அறுப்பான், இப்போது கத்தரி. தலையை அசைக்கக்கூடாது. பேசக்கூடாது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் என் கையைப் பிடிக்கவில்லை, ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. தையலை மட்டும் எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு தையலையும் போட்டபின் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தான். நான் அப்படி நிறுத்துவதே இல்லை. பேசிக்கொண்டே தைப்பேன்.

கடைசியில் சொன்னான்: "விழியில விழுந்த வெள்ளை போகாது. இனி பெருசாகாது."

யெகாதித் 21

தையல் பிரித்தாயிற்று. என் வட்டாரத்து ஒன்பது பேரையும் யிஹூனே வந்து தைத்தான். நான் பக்கத்தில் நின்று கத்தரி எடுத்துக் கொடுத்தேன். ஒருத்தியை அதட்டி அழவைத்துவிட்டான். அந்த ஒற்றைக் கண்ணுக்காரிக்கும் என் தையல் கோணலாக இருந்ததால் அதைப் பிரித்துத் திரும்பப் போட்டான். கண் தப்பியது.

மெகாபித் 21

மரியம் நாள். பூசை முடிந்து பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மைக் இல்லாமல் நின்றேன்.

"போன மாசம் வரைக்கும் நானும் பிடுங்கிக்கிட்டுதான் இருந்தேன். தங்குத்கிட்ட. இப்ப எனக்கும் ஆபரேஷன் ஆயிருக்கு, தழும்பைப் பாருங்க. நான் தெச்ச இமையில யாருக்கெல்லாம் முடி திரும்ப வந்திருக்கோ, பிடுங்காம வாங்க. என் முகம் வாடினா வாடிட்டுப் போகுது. உங்க கண்ணு போகுது."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். யித்தாயிஷ் முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அப்போது பின்னாலிருந்து தங்குத்:

"ஏண்டி, தரையில என்ன புதையலா இருக்கு? எந்திரிங்களேண்டி! எனக்கும்தான் கண்ணு மங்குது. இன்னும் எத்தனை வருஷம் உங்களுக்கு நான் பிடுங்கிட்டு இருக்கிறது? ஏ யித்தாயிஷ், நீ முதல்ல எந்திரி!"

யித்தாயிஷ் எழுந்தாள். "கோபமில்லையே சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். இந்தத் தடவை கண்ணில் எதுவும் குத்தவில்லை, வெறும் அழுகைதான்.

மெகாபித் 29

யிஹூனும் நானும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். நான் தைத்தவர்களில் பார்த்த அறுபத்தொரு பேரில் இருபத்துமூன்று பேருக்கு முடி திரும்ப வந்திருந்தது.

பெயர்களை எழுதி, கீழே என் பெயரையும் எழுதி, மண்டலத்துக்கு அனுப்பினேன்.

மியாசியா 12

கடிதம் வந்தது. மூன்று மாதம் கத்தியைத் தொடக்கூடாது. போர்வையைத் திருப்பி அனுப்பலாம் என்று தேடினால், தெசாலே அதைப் போர்த்திக்கொண்டு குறட்டை விடுகிறார். "சிறந்த கைன்னு குடுத்தாங்க, சிறந்த தோள்ல இருக்கட்டும்" என்கிறார்.

கின்போத் 6

ரப்பர் தலை என்னை முறைத்துக்கொண்டே இருக்கிறது. நூற்றுப்பத்தாவது இமை. மூன்றாவது தையலில் நான் அவசரப்படுகிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. நாற்பத்திரண்டு வயதில்!

செனே 19

மழை பிடித்துவிட்டது. இன்று முகம் கழுவும்போது இடது கண்ணின் ஓரத்தில் ஏதோ உரசியது. டார்ச், கண்ணாடி. ஒரு முடி. ஒன்றே ஒன்று.

நாளை எனக்கு மறுபார்வை. யிஹூன் இத்தனை கவனமாகத் தைத்தான். ஏற்கெனவே என்னால் பட்டவன். இந்த ஒரு முடியைப் பார்த்தால் அவன் முகம் எப்படிப் போகும்? ஒரு நொடி வேலை. அவனுக்கும் நல்லது, யாருக்கும் நஷ்டமில்லை. சாமணத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தெசாலே கதவைத் தட்டி, "உள்ள தூங்கிட்டியா?" என்று கேட்டார்.

செனே 20

பாதையில் சேறு. நனைந்துகொண்டுதான் போய்ச் சேர்ந்தேன்.

யிஹூன் இமையைத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தான். "ஓரத்துல ஒண்ணு வந்திருக்கு சிஸ்டர்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பிடுங்காம வந்தீங்க?"

அவன் முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு மேசைக்கு முன் உட்கார்ந்து படிவத்தை எடுத்தான். 'தைத்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினான். அதற்கு நேராக, இடது மேல் இமை, ஓரத்தில் ஒரு முடி, திரும்ப முளைத்தது என்று எழுதினான். தேதி போட்டான். பேனாவை மூடி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் சாமணத்தை எடுத்தான்.